உபுண்டு காணாமல் போன சனிக்கிழமை

அத்தியாயம் 6

நாட்டின் பாதுகாப்பு, பருவமழை, மந்திரிசபை மாற்றம் போன்ற அற்ப விஷயங்களைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, பொதுமக்கள் பின்வரும் செய்தியை எழுந்து நின்று வாசிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்: விராலிமலையில் ஒரு கம்ப்யூட்டர் கட்சி மாறிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது உபுண்டுவாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் தட்டி எழுப்பினால் டெபியனாக விழித்துக்கொண்டது.

இவை என்ன ஊட்டச்சத்து மாவா என்று கேட்பவர்களுக்காக ஒரு விளக்கம். உபுண்டுவும் டெபியனும் கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஆபரேட்டிங் சிஸ்டங்கள். இரண்டும் இலவசம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்து வைத்த வகையறா. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எதிர்வீட்டுக்குக் குடிபோவது மாதிரி. என்ன, இங்கே குடிபோனவர்கள் பழைய வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வீட்டுக்குள் இருநூற்றுப் பதினான்கு பேர் இருந்தார்கள்.

"இருநூத்திப் பதினாலு பேரா?" என்று நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார் கார்முகில்.

"பேருங்க சார். வெறும் பேரு" என்றாள் கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரியான பிரகதீஸ்வரி.

கார்முகில், புதுக்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் 'கார்முகில் புலனாய்வு மையம் - சர்வதேசத் தரம்' என்று பலகை மாட்டியிருப்பவர். சர்வதேசம் என்பது, ஒரு கல்யாண விசாரணைக்காக ஒருமுறை ஷார்ஜாவுக்கு போன் போட்டது. உதவியாளர் ஷர்லி, மீமிசல்காரி. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் ஆறு வருஷம் இருந்துவிட்டு, அங்கே வருகிற கம்ப்யூட்டர்களைவிட அவற்றைக் கொண்டுவருகிற மனிதர்கள்தான் அதிகம் பழுதாகியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து இந்தத் தொழிலுக்கு வந்தவள்.

இருவரும் செவ்வாய்க்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் விராலிமலைக்கு வந்து இறங்கி, கடைவீதியில் இருந்த 'பிரகதி டிடிபி சென்டர்' என்ற பத்துக்குப் பன்னிரண்டு அறையில் உட்கார்ந்திருந்தார்கள். தகரக் கூரைமேல் ஒரு மயில் கரகரவென்று நடந்துகொண்டிருந்தது.

"ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க" என்றார் கார்முகில்.

பிரகதி சொன்னாள். சுற்றியுள்ள ஐந்து ஊருக்கும் பொதுவான பிடாரியம்மன் கோயிலுக்குக் குடமுழுக்கு. பத்திரிகை அடிக்க வேண்டும். பத்திரிகையில் யார் பெயருக்கு மேலே யார் பெயர் என்று தீர்மானிக்க நாற்பத்தோரு நாள் பேச்சுவார்த்தை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு சம்பந்தமும் முறிந்தன. கடைசியில் ஒருவழியாக இருநூற்றுப் பதினான்கு பெயருக்கும் ஒரு வரிசை உண்டானது. உண்டான வரிசையை யாரும் மாற்றிவிடக் கூடாது என்பதற்காகக் கோயில் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது: பெயர்ப் பட்டியல் பிரகதியின் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு காப்பியாகத்தான் இருக்க வேண்டும். இன்னொரு காப்பி எடுக்கக் கூடாது. வாட்ஸப்பில் அனுப்பக் கூடாது. தாளில் எடுக்கக் கூடாது.

"தீர்மானம் போட்ட பேப்பருக்கு மட்டும் எத்தனை காப்பி?" என்று கேட்டாள் ஷர்லி.

"அஞ்சு. ஊருக்கு ஒண்ணு."

"அதானே."

"இந்தக் கடையும் கோயில் எடந்தான் சார்" என்று பிரகதி தொடர்ந்தாள். "பட்டியல் காணாமப் போனாலோ, ரெண்டாவது காப்பி இருக்குன்னு தெரிஞ்சாலோ, கடையைக் காலி பண்ணிடணும்னு எழுதி வாங்கியிருக்காங்க. இன்னிக்கு நாலரை மணிக்குக் கமிட்டி வந்து திரையில சரிபாப்பாங்க. நானு சனிக்கிழமை வெள்ளன எந்திரிச்சுத் தங்கச்சி வளைகாப்புக்கு மீமிசல் போயிட்டேன். இன்னிக்குக் காலையில வந்து பாத்தா இப்படி. பதினோரு வருஷமா ஓட்டுற கடை சார். நாலரைக்குள்ள இதைப் பண்ணுனது யாருன்னு தெரியணும்."

"சாவி?"

"கீழ டீக்கடையில ஆணியில தொங்கும். கமிட்டி ஆளுங்க வேணுங்கிறப்ப வந்து பட்டியலைப் பாத்துட்டுப் போகலாம்னு அதுவும் ஒரு தீர்மானம்."

"ஒரே காப்பி, ஊருக்கே ஒரே சாவி. ரிசர்வ் பேங்க்கூட இவ்வளவு யோசிச்சிருக்காது" என்றாள் ஷர்லி.

அப்போது படியேறி ஒருவர் வந்தார். வருவதற்கு முன்பே அவர் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் வந்துவிட்டது. ஆத்மநாதன், ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர். விராலிமலை வட்டாரக் கட்டற்ற மென்பொருள் பேரவையின் நிறுவனர், தலைவர், பொருளாளர். பேரவைக்கு மொத்தம் மூன்று உறுப்பினர்கள். மூன்று பதவிகளையும் அவரே வைத்துக்கொண்டதால் மற்ற இருவரும் பொதுக்குழுவாக இயங்கினார்கள். நாலு வருஷத்துக்கு முன்பு பிரகதியின் கம்ப்யூட்டரில் உபுண்டுவை ரிப்பன் வெட்டிப் போட்டுக் கொடுத்தவர். போன வருஷம் ஞானம் பிறந்து, உண்மையான விடுதலை டெபியனில்தான் இருக்கிறது என்று அறிவித்து, கடைவீதி முழுக்க டெபியன் பென்டிரைவும், அதைப் போடுவது எப்படி என்று பத்து படிகளில் விளக்கும் துண்டறிக்கையும் விநியோகித்தவர்.

"நிகழ்ந்தது ஒரு மாற்றம். ஆனால் நிகழ்ந்த முறை தவறு" என்றார், மைக் இல்லாத குறையே தெரியாமல். "நானும் இந்த அம்மையாரிடம் டெபியனுக்கு மாறுமாறு கேட்டேன். பத்திரிகை வேலை முடியட்டும் என்றார். காத்திருந்தேன். சம்மதம் இல்லாத விடுதலை, விடுதலையே அல்ல!"

"கை தட்டணுமா சார்?" என்றாள் ஷர்லி.

"தேவையில்லை" என்று அவர் நிஜமாகவே சொல்லிவிட்டு, கமிட்டி வரும்போது தாமும் வருவதாக அறிவித்துப் படியிறங்கினார்.

கார்முகில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறையை மூன்று முறை சுற்றினார். அறை சின்னது, மூன்றாவது சுற்றில் அவருக்கே தலை சுற்றியது. "ஷர்லி, குற்றவாளி எப்பவும் ஒரு தடயத்தை விட்டுட்டுத்தான் போவான்."

"ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தையே விட்டுட்டுப் போயிருக்கான் சார். இதுக்கு மேல என்ன விடணும்?" என்று சொல்லிக்கொண்டே ஷர்லி தன் பென்டிரைவைச் செருகினாள். பாஸ்வேர்டு தெரியாத வீட்டுக்குள் பின்வாசல் வழியாகப் போகிற வேலை அது. "டெபியன் நல்ல புள்ள சார். தன்னை உள்ள போட்டது எப்ப, யாரு என்ன பட்டனை அமுக்குனாங்கன்னு நிமிஷம் நிமிஷமா டைரி எழுதி வச்சிருக்கும். இந்தா பாருங்க."

திரையில் வரிகள் ஓடின. சனிக்கிழமை. 03:19, மொழி தேர்வு. 03:24, பெயர் வைத்தல். 03:28, 'டிஸ்க் முழுவதையும் அழிக்கவா?' என்ற கேள்வி. அப்புறம் ஒன்றுமே இல்லை. 05:01, 'ஆம்'.

"பழைய ஃபைலைத் தோண்டி எடுக்க முடியுமா?" என்றார் கார்முகில்.

"அழிச்சிட்டு அது மேலயே எழுதியிருக்கு. நாலரைக்குள்ள முடியாது."

"பரவால்லங்க" என்றாள் பிரகதி. "யாருன்னு மட்டும் சொல்லுங்க."

ஷர்லி திரையிலிருந்து தலையைத் தூக்கி அவளை ஒரு தரம் பார்த்தாள்.

கார்முகிலின் முகத்தில் ஒளி பரவிவிட்டது. "விடியக்காலை மூணு பத்தொன்பது! அந்த நேரத்துல முழிச்சிருக்கிறவன் எவன்? சாவியை வச்சிருக்கிறவன் எவன்? ரெண்டும் ஒருத்தன்தான்!"

அந்த ஒருத்தன் கீழே வெங்காய பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தான். டீக்கடை கண்ணன். ஹைவே லாரிகளுக்காக விடியற்காலை மூன்று மணிக்கே பாய்லரைப் பற்றவைப்பவன்.

"கண்ணன்! சனிக்கிழமை விடியக்காலை மூணு பத்தொன்பதுக்கு மேல கம்ப்யூட்டர்ல என்ன பண்ணுனே?" என்று கேட்டார் கார்முகில், பாய்லருக்கு எதிரே நின்று.

கண்ணன் பஜ்ஜியைத் திருப்பிப் போட்டான். "கம்ப்யூட்டரா? மேல எட்டிப் பாத்தேன் சார், இன்னிக்குத்தான். ஜாங்கிரியப் புழிஞ்சு வச்சாப்புல செவப்பா ஒண்ணு சுத்திக்கிட்டு இருந்துச்சு."

"டெபியனோட சின்னம்" என்றாள் ஷர்லி. "அண்ணே, அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கிட்டுத்தான் இருட்டுல. ராத்திரி ரெண்டு மணிக்கு டிரான்ஸ்ஃபார்மர்ல அணில் ஏறி அதுவும் போச்சு, ஃபியூஸும் போச்சு. ஆறு மணிக்குத்தான் கரண்ட் வந்துச்சு. மெழுகுவத்தி வெளிச்சத்துல டீ ஆத்துனேன். வேணும்னா கடைவீதி பூரா கேட்டுப் பாருங்க."

"பிரகதியோட யுபிஎஸ்?"

"அது போன தீபாவளிக்கே செத்துப்போச்சே. அதுமேல இப்ப பூச்செட்டி வச்சிருக்காங்க."

கரண்ட் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டர் ஓட முடியாது. சர்வதேசத் தரமுள்ள தடயம் பொசுக்கென்று போயிற்று. கார்முகில் ஒரு பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மௌனம் காத்தார். சுடுகிற பஜ்ஜி என்பதால் மௌனம் நீடித்தது.

"சார்!" என்று ஷர்லி திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நான்தான் மக்கு. இந்த டைரி நம்ம கடிகாரத்தைப் பாத்து எழுதாது. லண்டன் பக்கம் கிரீன்விச் இருக்குல்ல, அந்த ஊர் நேரத்தைத்தான் எழுதும். நாமதான் அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும்."

"கூட்டு!"

அவள் பஜ்ஜித் தாளில் எழுதினாள். எட்டு நாற்பத்தொன்பது. எட்டு ஐம்பத்துநாலு. எட்டு ஐம்பத்தெட்டு. அப்புறம் பத்து முப்பத்தொன்று.

"பட்டப்பகல்ல வந்திருக்கான்" என்றார் கார்முகில். "எட்டு அம்பத்தெட்டுக்கு 'அழிக்கவா'ன்னு கேட்டிருக்கு. பத்து முப்பத்தொண்ணுக்குத்தான் 'ஆம்'னு அமுக்கியிருக்கான். தொண்ணூத்து மூணு நிமிஷம். எங்க போனான்? இட்லி சாப்பிடப் போயிருப்பான்."

"தொண்ணூத்து மூணு நிமிஷத்துக்கு இட்லியா? மாவாட்டி, புளிக்க வச்சா சாப்பிட்டான்?"

கண்ணன் கரண்டியைத் துடைத்துக்கொண்டே தாளை எட்டிப் பார்த்தான். "சனிக்கிழமை ஒம்போதுலேர்ந்து பத்தரையா? அது ராகு காலம்ல."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய்லர் மட்டும் புஸ்ஸென்றது.

கார்முகிலின் முகத்தில் மறுபடி ஒளி. "முன்னேற்பாடு எல்லாம் பண்ணிட்டான். அழிக்கிற பட்டன்ல கை வைக்கிறப்ப மணி ஒம்போது ஆயிருச்சு. ராகு காலத்துல ஒரு காரியத்தை ஆரம்பிக்கலாமா? கூடாது! உக்காந்து காத்திருந்து, முடிஞ்ச மறு நிமிஷம் அமுக்கியிருக்கான். பயங்கரமான பக்திமான்!"

"அந்த நேரம் கடையில கூட்டம், சாவியை யாரு எடுத்தாங்கன்னு நான் பாக்கல. ஆனா அப்படிப் பாத்தா ரெங்கசாமி அண்ணந்தான்" என்றான் கண்ணன். "எதிர்த்தாப்புல சிமெண்டுக் கடை. ஷட்டரையே பஞ்சாங்கம் பாத்துத்தான் தூக்குவாரு. தன் கடைக் கம்ப்யூட்டர்ல டெபியனும் அவரே போட்டுக்கிட்டாரு, அந்தத் துண்டறிக்கையப் பாத்து. பட்டியல்ல பதினேழாவதா இருந்தாரு. ஒம்பதாவது கேட்டுக்கிட்டே இருந்தாரு."

"ஆத்மநாதன் சார்?" என்று இழுத்தாள் ஷர்லி.

கண்ணன் சிரித்தான். "அவரா? மகள் கல்யாணத்தையே ராகு காலத்துல நடத்துன ஆளு. 'ராகுவாவது கேதுவாவது'ன்னு மேடைக்கு மேடை பேசுறவரு. என் காலண்டரைப் பாத்தாலே அங்கிட்டுத் திரும்பிக்கிட்டு டீ குடிப்பாரு."

ஆக, ஆத்மநாதன் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். சாலையைக் கடந்து இருவரும் சிமெண்டுக் கடைக்குப் போனார்கள். ரெங்கசாமி கல்லாவில் உட்கார்ந்து விபூதி பூசிய நெற்றியோடு பில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் திரையிலும் அதே ஜாங்கிரி.

"வாங்க. ஒக்காருங்க. மூட்டையா, லோடா?"

"உண்மை" என்றார் கார்முகில்.

"அது ஸ்டாக் இல்லையே" என்றார் ரெங்கசாமி.

ஷர்லிக்கு இவரைப் பிடித்துப்போயிற்று. விஷயத்தை அவளே சொன்னாள்: சனிக்கிழமை, ராகு காலம், தொண்ணூற்று மூன்று நிமிஷம். ரெங்கசாமி கோபப்படவில்லை. மாறாக, ஒரு வல்லுநரை அவருடைய துறையில் போய் ஒரு கற்றுக்குட்டி சீண்டியது மாதிரி வருத்தத்தோடு பார்த்தார்.

"எட்டு மணிக்கு வந்து சாவி வாங்கிப் பட்டியலைப் பாத்தேன். இருந்துச்சு. எட்டேகாலுக்குச் சாவியைத் திரும்ப மாட்டிட்டு வந்துட்டேன், கண்ணன்கிட்டயே கேளுங்க. ஏம்மா, அன்னிக்கு என்ன திதி தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அஷ்டமி! முழு நாளும் அஷ்டமி. அஷ்டமியில நான் சவரம்கூடப் பண்ணிக்க மாட்டேன். அன்னிக்கு வந்த சிமெண்டு லோடையே எறக்க விடல. லாரிக்காரன் நவமியும் முடியுற வரைக்கும் என்னையத் திட்டிக்கிட்டே ரோட்டுல நின்னான். நான் ஒரு புது காரியத்தை அஷ்டமியில ஆரம்பிப்பேனா? அதுல ராகு காலம் முடிஞ்சா என்ன, முடியாட்டி என்ன?"

வெளியிலிருந்து ஒரு தொழிலாளி தலையை நீட்டி, "ஆமாங்க, லாரி நின்னுச்சு" என்று சாட்சி சொல்லிவிட்டுப் போனான்.

"உண்மையா நம்புறவனுக்குப் பஞ்சாங்கத்துல பக்கம் பூராத் தெரியும்" என்றார் ரெங்கசாமி. "ராகு காலம் மட்டும் தெரிஞ்சு அஷ்டமி தெரியலைன்னா, அவன் அரைகுறை. நம்பிக்கை கெடையாது. பயம் மட்டும் இருக்கு."

ஷர்லி அந்த வாக்கியத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள். "நம்பிக்கை கெடையாது, பயம் மட்டும் இருக்கு... அண்ணாச்சி, ஆத்மநாதன் சார் மகள் கல்யாணத்துக்கு நீங்க போயிருந்தீங்களா?"

"போகாம? வெள்ளிக்கிழமை. பத்தரை டு பன்னெண்டு ராகு காலம். பத்திரிகையில வேணும்னே பதினோரு மணின்னு போட்டிருந்தாரு. ஊரே வேடிக்கை பாக்கப் போச்சு."

"தாலி எத்தனை மணிக்குக் கட்டுனாங்க?"

ரெங்கசாமி பேனாவைக் கீழே வைத்தார். யோசித்தார். "அட. பன்னெண்டே காலு. பதினோரு மணிக்கு மைக்கைப் புடிச்சவரு மூடநம்பிக்கையைப் பத்தி ஒண்ணேகால் மணி நேரம் பேசுனாரு. மாப்பிள்ளை மாலையோட தூங்கிட்டாரு."

"சார்" என்றாள் ஷர்லி, வெளியே வந்ததும். "அவரு கொள்கை பூரா யாரும் எட்டிப் பாக்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ். பயம் மட்டும் யாருக்கும் காட்டாத க்ளோஸ்டு சோர்ஸ்."

"இது நிரூபணம் ஆகுமா?"

"ஆகாது. ஆனா இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூணுலேர்ந்து நாலரை. கமிட்டி ஏன் நாலரைக்கு வருதுன்னு நினைச்சீங்க? நாம அவரை நாலு மணிக்கே கூப்பிடுவோம்."

அவள் ஆத்மநாதனுக்குப் போன் போட்டாள். அழிந்த பட்டியலை மீட்க ஒரு மென்பொருளைத் தயார்செய்து வைத்திருப்பதாகவும், பேரவைத் தலைவர் தம் கையால் எண்டரைத் தட்டித் துவக்கிவைத்தால் அது மாவட்ட வரலாற்றில் இடம்பெறும் என்றும், படம் எடுத்துப் போடப்போவதாகவும் சொன்னாள். மறுமுனையில் சட்டை மாற்றும் சத்தமே கேட்டது.

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு ஆத்மநாதன் வந்தார். கதர்ச் சட்டை, பேரவையின் அடையாள அட்டை. அறையில் பிரகதி, கார்முகில், கதவோரம் கண்ணன். திரையில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு கேள்வி: 'மீட்பைத் துவக்கவா?'

"எண்டரை மட்டும் தட்டுங்க சார்" என்றாள் ஷர்லி, போனில் கேமராவைத் திறந்துகொண்டு.

ஆத்மநாதன் விரலைத் தூக்கினார். தூக்கிய விரல் சுவர்க் கடிகாரத்தின் பக்கம் பார்த்த கண்ணோடு சேர்ந்து நின்றது. நாலு ஆறு.

"துவக்குவதற்கு முன்," என்று விரலை மடக்கினார், "கட்டற்ற மென்பொருளின் வரலாற்றை இங்கே கூடியிருப்போர் அறிவது நலம்."

கூடியிருப்போர் நாலு பேரும் அறிந்தார்கள். நாலு பதினைந்து வரை அறிந்தார்கள். அப்புறம் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு பக்கக் கண்ணாடிக்கு இரண்டு நிமிஷம் வீதம் துடைத்தார். தண்ணீர் கேட்டார். வந்த தண்ணீரில் குளிர்ச்சி போதவில்லை என்றார். கீழே போய்ப் பாத்ரூம் எங்கே என்று விசாரித்தார். நாலு வருஷமாக வந்துபோகிற கட்டடம்.

"சார், கமிட்டி வந்துருவாங்க. தட்டுங்களேன்" என்றாள் பிரகதி.

"அவசரம் அறிவியலின் எதிரி, அம்மா."

நாலு இருபத்தெட்டு. நெற்றியில் வியர்வை. "இந்தக் கடிகாரம் சரியாக ஓடுகிறதா?" என்று கேட்டார், யாரையும் பார்க்காமல்.

"கரெக்டா ஓடும் சார்" என்றான் கண்ணன்.

நாலு முப்பத்தொன்று. ஆத்மநாதன் ஒரு பெருமூச்சு விட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்து, வலது கையை உயர்த்தி எண்டரை டக்கென்று தட்டினார்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார்.

"கீபோர்டு வயரு எங்கிட்ட இருக்கு சார்" என்றாள் ஷர்லி, கையில் தொங்கிய வயரைக் காட்டி. "நாலு அஞ்சுக்கே புடுங்கிட்டேன். மாவட்டத்தோட பெரிய கம்ப்யூட்டர் ஆளு, இருபத்தாறு நிமிஷம் அது பக்கத்துலயே நின்னும் கவனிக்கல. கண்ணு பூரா கடிகாரத்துலதான இருந்துச்சு? சனிக்கிழமை தொண்ணூத்து மூணு நிமிஷம், இன்னிக்கு இருபத்தாறு. ரெண்டு தடவையும் ராகு காலம் முடிஞ்ச மறு நிமிஷம்."

"அது... அது தற்செயல்."

"மகள் கல்யாணத்துல ஒண்ணேகால் மணி நேரம் பேசுனதும் தற்செயல்தானா?"

ஆத்மநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் முறையாகச் செருமாமல் பேசினார். ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் மாநில மாநாடு. விராலிமலை வட்டாரம் நூறு சதவீதம் டெபியனுக்கு மாறிவிட்டது என்று அங்கே அறிவிப்பதாகச் சொல்லியிருந்தார். பேரவைக் கணக்கில் வட்டாரத்தில் மொத்தம் நாலு கம்ப்யூட்டர்கள். மூன்று மாறிவிட்டன. எழுபத்தைந்து சதவீதத்துக்கு மாநாட்டில் பொன்னாடை கிடையாது.

"அந்த ஒன்றரை மணி நேரம் என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார் கார்முகில், நிஜமான ஆவலோடு.

"திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார் ஆத்மநாதன். "நம்பிக்கை இல்லை. ஆனாலும்... எதுக்கு வம்பு?"

படியில் செருப்புச் சத்தம். ராகு காலம் சுத்தமாக முடிந்ததை உறுதிசெய்துகொண்டு கோயில் கமிட்டி பன்னிரண்டு பேராக ஏறி வந்தது. முன்னால் ரெங்கசாமி. கார்முகில் நடந்ததை விவரித்தார். ஷர்லி கண்டுபிடித்த எல்லாவற்றையும் 'நான்' போட்டுச் சொன்னார். கமிட்டி கொதித்தது. பட்டியலில் நாற்பதாவது இடத்துக்காரர் நூற்றியிரண்டாவது இடத்துக்காரரின் சட்டையைப் பிடித்தார், பழைய ஞாபகத்தில்.

"பதறாதீர்கள்!" என்று ஆத்மநாதன் எழுந்தார். பழைய குரல் லேசாகத் திரும்பியது. "நான் பொறுப்பற்றவன் அல்லன். அழிப்பதற்கு முன் பட்டியலைப் பிரதி எடுத்தேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினார். கமிட்டி மூச்சை உள்ளே இழுத்தது.

ஷர்லி செருகினாள். 'குடமுழுக்கு பட்டியல்' என்ற பெயரோடு ஒரே ஒரு படம் தெரிந்தது. தட்டினாள். திறக்கவில்லை. உற்றுப் பார்த்தாள்.

"சார், இது பட்டியல் இல்ல. பட்டியலைத் திறக்க முகப்புல வச்சிருப்போமே, அந்த ஷார்ட்கட். வீட்டைக் காப்பாத்துறேன்னு காலிங்பெல்லைக் கழட்டிட்டு வந்திருக்கீங்க."

ஆத்மநாதன் மறுபடி உட்கார்ந்தார். இந்த முறை நாற்காலிக்குத்தான் சத்தம் வந்தது.

கமிட்டி மொத்தமும் பிரகதி பக்கம் திரும்பியது. பட்டியல் போனால் கடை காலி. எழுதி வாங்கிய தாள் ஐந்து பேர் பையில் இருந்தது. நாற்பத்தோரு நாள் பேச்சுவார்த்தையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க யாருக்கும் உடம்பில் தெம்பு இல்லை.

ஷர்லி பிரகதியின் அருகே போய் மெதுவாகச் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "அக்கா, போதும். எடுங்க."

"எதை?"

"காலையிலேர்ந்து பாக்குறேன். ஃபைலு தொலைஞ்சவங்க வந்ததும் மொதல்ல 'கெடைக்குமா'ன்னுதான் கேப்பாங்க. கடையில ஆறு வருஷம் அந்த அழுகையத்தான் கேட்டேன். நீங்க ஒரு தடவைகூடக் கேக்கல. யாரு, யாருன்னு மட்டும்தான் கேட்டீங்க. முடியாதுன்னு நான் சொன்னப்பகூட 'பரவால்லங்க'ன்னீங்க."

பிரகதி நேராக நிமிர்ந்து கமிட்டியைப் பார்த்தாள்.

"மூணு காப்பி இருக்கு. மெயில்ல ஒண்ணு, தங்கச்சி போன்ல ஒண்ணு, வீட்டு பீரோவுல ஒண்ணு. பதினோரு வருஷமா டிடிபி பண்றேன். நீங்க தீர்மானம் போட்டீங்கன்னு ஒரே காப்பியோட இருக்க நான் என்ன கமிட்டியா? ஆனா அதைக் காலையிலயே எடுத்திருந்தா, தீர்மானத்தை மீறிட்டான்னு சாயங்காலமே பூட்டுப் போட்டிருப்பீங்க. என்னையவிடப் பெரிய தப்பு பண்ணுனவரு யாருன்னு மொதல்ல தெரியணும்ல? அதான் இவங்களைக் கூப்பிட்டேன்."

கார்முகில், தாம் கூப்பிடப்பட்டது பட்டியலைக் கண்டுபிடிக்க அல்ல, கூட்டத்தில் பிரகதி இரண்டாவது குற்றவாளியாக நிற்கும் சௌகரியத்துக்காக என்று மெல்ல மெல்ல உணர்ந்தார்.

"காப்பி எடுத்தது தப்புதான்" என்று ஐந்து தாள்களில் ஒன்றை வைத்திருந்தவர் ஆரம்பித்தார்.

ரெங்கசாமி இருமினார். போனை எடுத்தார். "நானும் ஒரு போட்டோ எடுத்து வச்சிருக்கேன். சும்மா, என் பதினேழு பதினேழாவே இருக்கான்னு பாக்க."

அதற்குப் பிறகு பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் தங்கள் போனை எடுத்துப் பார்த்துவிட்டு அவசரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். தீர்மானத்தைப் பற்றி யாரும் மேற்கொண்டு பேசவில்லை. கடையைப் பற்றியும் பேசவில்லை. ஐந்து தாள்களும் பஜ்ஜி எண்ணெய் துடைக்கக் கண்ணனிடம் போய்ச் சேர்ந்தன. பிரகதி தன் மெயிலைத் திறந்து பட்டியலை இறக்கி, இருநூற்றுப் பதினான்கு பெயரையும் வரிசை மாறாமல் சரிபார்த்து, இருட்டுவதற்குள் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டாள்.

மறுபடி உபுண்டு போட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. கடையில் இன்னமும் டெபியன்தான் ஓடுகிறது. யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.